பொன்னியின் செல்வன் வழித்தடத்தை வரைபடத்தில் தேடுவது எப்படி?

கேள்வி இதுதான்: கல்கியின் ‘பொன்னியின் செல்வ’னைப் படித்து முடித்தாயிற்று, வந்தியத்தேவன் போன வழியை வரைபடத்தில் குறித்துப் பார்க்க வேண்டும், கூகுள் மேப்ஸில் தேடினால் சில ஊர்கள் கிடைக்கவில்லை, சில ஊர்கள் எங்கோ போய் நிற்கின்றன, எங்கிருந்து தொடங்குவது?

வரைபடத்திலிருந்து தொடங்காதீர்கள், நாவலின் வரிகளிலிருந்து தொடங்குங்கள். பெரும்பாலோர் தேடல் பெட்டியில் ஊர்ப்பெயரைப் போட்டு, முதலில் வருவதைக் குத்திக்கொண்டே போகிறார்கள். பத்து ஊர் முடிவதற்குள் வழித்தடம் கோணல்மாணலாகிவிடும். ஊர்ப்பெயரைவிட, அந்த ஊரைப் பற்றி ஆசிரியர் சொல்லும் திசை, தொலைவு, ஆறு, துறை ஆகியவைதாம் நம்பத்தக்க சான்று. பெயர் பல ஊர்களுக்குப் பொதுவாக இருக்கும். ‘இந்த ஆற்றுக்குத் தெற்கே, இந்தக் கோயிலுக்கு மேற்கே’ என்பது ஓரிடத்துக்குத்தான் பொருந்தும்.

கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆனவை. நாவலின் ஐந்து பாகங்களும் மதுரைத் திட்டத்தின் தளத்தில் யூனிகோடு எழுத்துருவில் இலவசமாகக் கிடைக்கின்றன. அதை இறக்கி ஒரே கோப்பாக வைத்துக்கொண்டால் தேடுவது எளிது. ‘காதம்’ (பழைய தொலைவு அளவு), ‘காத தூர’, ‘வடக்கே’, ‘மேற்கே’, ‘துறை’, ‘கரை’ என்று ஒவ்வொன்றாகத் தேடி, இடம் சொல்லும் வரிகளை மட்டும் தனியே எடுத்து வையுங்கள். தமிழில் தேடும்போது ஒரு சிக்கல் வரும். ‘கடம்பூர்’ என்று முழுச்சொல்லைப் போட்டால் ‘கடம்பூரில்’, ‘கடம்பூருக்கு’ எல்லாம் விட்டுப்போகும். வேற்றுமை உருபு சேரும்போது புள்ளி போய் உயிர்க்குறி வந்துவிடுகிறது. கணினிக்கு அது வேறு எழுத்து. ஆகவே கடைசி மெய்யை விட்டுவிட்டு ‘கடம்பூ’ என்று தேடுங்கள். ‘தஞ்சாவூ’, ‘கொள்ளிட’, ‘மாதோட்ட’ என்பனவும் இப்படியே. ஐகாரத்தில் முடியும் ‘பழையாறை’, ‘கோடிக்கரை’ போன்றவற்றுக்கு இந்தத் தொல்லை இல்லை.

அடுத்தது அட்டவணை. கூகுள் ஷீட்ஸில் எட்டுப் பத்திகள் போதும்: நாவலில் உள்ள பெயர், இன்றைய பெயர், பாகமும் அத்தியாயமும், ஆசிரியர் சொன்ன அடையாளம், அட்சரேகை, தீர்க்கரேகை, உறுதி, குறிப்பு. இவற்றில் ‘உறுதி’ என்ற பத்தியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். அது இல்லாத வரைபடத்தைப் பார்ப்பவர், கல்வெட்டு உள்ள கோயிலையும் கற்பனையான மண்டபத்தையும் ஒரே தரத்தில் எடுத்துக்கொள்வார். மூன்று நிறம் வையுங்கள். கட்டடமோ கல்வெட்டோ ஏரியோ இன்றும் அதே இடத்தில் இருந்தால் பச்சை. ஊர்ப்பெயரோ பழைய பதிவோ மட்டும் மிஞ்சியிருந்தால் மஞ்சள். ஆசிரியர் கட்டியது, அல்லது எங்கே என்று தெரியாதது என்றால் சிவப்பு. கும்பகோணத்து நாகேசுவரர் கோயில், அதாவது குடந்தைக் கீழ்க்கோட்டம், பச்சை. காஞ்சியின் பொன்மாளிகை சிவப்பு. சுந்தர சோழரைக் கல்வெட்டுகள் ‘பொன்மாளிகைத் துஞ்சின தேவர்’ என்று சொல்வதால் மாளிகை இருந்தது உண்மை, ஆனால் காஞ்சியில் எந்தத் தெருவில் என்று குத்த இடமில்லை. இப்படிப்பட்டதற்கு ஊசி (வரைபடத்தில் இடம் காட்டும் குறி) குத்தாமல் நகர் முழுவதையும் சுற்றி ஒரு வட்டம் வரைவதே நேர்மை.

முதல் இடத்தையே எடுத்து விரிவாகப் பார்ப்போம். மற்ற எல்லாவற்றுக்கும் அளவுகோல் இங்கேதான் கிடைக்கிறது. நாவல் ஆடிப் பதினெட்டு அன்று வீரநாராயண ஏரிக்கரையில் தொடங்குகிறது. 1950-இல் எழுதும்போது 982 ஆண்டுகளுக்கு முன் என்று ஆசிரியர் கணக்குச் சொல்வதால் அது கி.பி. 968. ஏரி தில்லைக்கு, அதாவது சிதம்பரத்துக்கு, மேற்கே இரண்டு காதத்தில் இருக்கிறது, தெற்கு வடக்கில் ஒன்றரைக் காதம், கிழக்கு மேற்கில் அரைக் காதம் என்று மூன்று அளவுகள் தருகிறார். இன்றைய வீராணம் ஏரிதான் அது என்பதையும் அவரே சொல்லிவிடுகிறார்.

இப்போது கூகுள் எர்த்தில் அளவுகோலை எடுத்து மூன்றையும் அளந்து பாருங்கள். ஏரியின் நீளம் 14 முதல் 16 கி.மீ. வரை வரும், நீர் எவ்வளவு நிற்கும் படத்தில் அளக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து மாறும். ஒன்றரையால் வகுத்தால் ஒரு காதம் 10 கி.மீ. அளவு. அகன்ற பகுதி 4, 5 கி.மீ.; அரைக் காதம் அது என்றால் காதம் 8 முதல் 10. சிதம்பரம் நடராசர் கோயிலிலிருந்து ஏரிக்கரைக்கு நேர்கோட்டில் 16, 17 கி.மீ.; இரண்டால் வகுத்தால் 8-க்குச் சற்று மேல். மூன்று கணக்கும் 8-க்கும் 10-க்கும் இடையில் வந்து நிற்கின்றன. ஆகவே இந்த நாவலில் காதம் என்றால் 9 கி.மீ. என்று வைத்துக்கொண்டு மற்ற இடங்களைத் தேடலாம். காதம் பத்து மைல் என்று பொதுவாகச் சொல்லும் கணக்கை எடுத்தால் ஏரியின் நீளம் 24 கி.மீ. ஆகும், வடக்கே வெள்ளாற்றையும் தாண்டிப் போய்விடும். அகராதியில் உள்ள அளவைவிட, ஆசிரியர் கண்ணால் பார்த்து எழுதிய ஓர் இடத்தை அளந்து எடுத்த அளவு மேலானது. எந்த நாவலுக்கும் இப்படி ஓர் அளவுகோல் இடத்தை முதலில் தேடுங்கள்: இன்றும் மாறாமல் இருப்பது, ஆசிரியர் எண்ணோடு சொன்னது.

அந்த முதல் காட்சியையே இன்னும் நெருங்கிப் பாருங்கள். நிலம் கிழக்கே கடலை நோக்கிச் சரிகிறது. அதனால் ஏரியின் பெரிய கரை கிழக்குப் பக்கம். தொண்டை நாட்டிலிருந்து தெற்கே வருகிற குதிரைக்காரனுக்கு நீர் வலக்கைப் பக்கம், வயல்களுக்குப் பாயும் மதகுகள் இடக்கைப் பக்கம். காட்சி நடப்பது மாலை நேரம். சூரியன் நீர்ப்பரப்புக்கு அப்பால்தான் இறங்கும். இன்று சேத்தியாத்தோப்பிலிருந்து லால்பேட்டை வரும் சாலை இந்தக் கரையை ஒட்டியே போகிறது. வரைபடம் தரும் பெரிய ஆதாயம் இதுதான்: எந்தப் பக்கம் என்ன தெரிந்திருக்கும் என்று படிக்கும்போதே பிடிபடும்.

ஏரியில் நீர் ததும்பும் காட்சியைச் செயற்கைக்கோள் படத்தில் பார்க்க நினைத்தால் மாதத்தைக் கவனியுங்கள். வீராணத்துக்குக் கொள்ளிடத்துக் கீழணையிலிருந்து வடவாறு வழியாக நீர் வருகிறது. அது மேட்டூர் அணை திறப்பைப் பொறுத்தது. மேட்டூர் 1934-இல் வந்தது. அதற்கு முன் ஆடியில் காவிரியில் புதுவெள்ளம் தானாக வந்தது. இன்றைய ஆகஸ்ட் படம் ஒன்றில் ஏரி வற்றிக் கிடந்தால் நாவல் தவறு என்று எண்ண வேண்டாம். சென்டினல்-2 செயற்கைக்கோளின் படங்கள் கோப்பர்நிக்கஸ் உலாவி என்ற இணையதளத்தில் 2015 முதல் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு படப்புள்ளி 10 மீட்டர். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த டிசம்பர் கடைசி, ஜனவரிப் படங்களில் ஏரி நிறைந்திருக்கும், மேகமும் குறைவு. அக்டோபர், நவம்பரில் பாதிப் படங்கள் மேகத்தால் மூடிப் பயன்படாது. அகச்சிவப்பு சேர்ந்த பொய்நிறக் காட்சியைத் தேர்ந்தால் நீர் கறுப்பாகவும் பயிர் சிவப்பாகவும் பிரிந்து தெரியும். பழைய ஏரிக்கரை எது, இன்று பயிராகிவிட்ட ஏரிப்படுகை எது என்று அப்போது கண்டுகொள்ளலாம்.

ஏரியின் தென்கோடியில் வீரநாராயணபுரம், இன்றைய காட்டுமன்னார்கோயில். அங்கே உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலுக்குக் கட்டாயம் ஒரு பச்சை ஊசி குத்துங்கள். ஆதித்த கரிகாலனைக் கொன்றவர்களின் நிலங்களைப் பறிமுதல் செய்தது பற்றிய, முதலாம் இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு அங்கேதான் உள்ளது. சோமன், ரவிதாசன், பரமேசுவரன் என்று பெயர்கள் வரும் அந்தக் கல்வெட்டு, கொலை எங்கே நடந்தது என்று சொல்லவில்லை. நாவல் அதைக் கடம்பூர் மாளிகையில் வைக்கிறது. வரைபடத்தில் இரண்டையும் பார்த்தால் உடையார்குடியும் கடம்பூரும் பக்கத்துப் பக்கத்து ஊர்கள். கல்வெட்டு இருக்கும் வட்டாரத்திலேயே கதையின் கொலைக்களத்தையும் ஆசிரியர் அமைத்தார் என்பது இப்படி ஊசி குத்தும்போது கண்ணில் படுகிறது.

கடம்பூரில்தான் முதல் பெரிய தவறு நடக்கும். தேடினால் தூத்துக்குடி மாவட்டத்துக் கடம்பூர் வரும். ரயில் நிலையம் உள்ள ஊர் என்பதால் அதற்குத்தான் முன்னுரிமை. ஈரோடு மாவட்டத்தில் கடம்பூர் மலை இருக்கிறது. நமக்கு வேண்டியது கடலூர் மாவட்டத்து மேலக்கடம்பூர், அமிர்தகடேசுவரர் கோயில் உள்ள ஊர். தேர் வடிவில் கருவறை அமைந்த கோயில் அது. இன்று நிற்கும் கற்கட்டடம் நாவல் காலத்துக்குப் பிற்பட்டது. பழையாறையிலும் இதே ஆபத்து. கொள்ளிடம் கடலில் கலக்கும் இடத்தில் பழையாறு என்ற மீன்பிடித் துறைமுகம் உள்ளது; ஓரெழுத்துத்தான் வேறுபாடு, அதுவும் சோழநாட்டுக்குள்ளேயே இருப்பதால் தவறு உடனே தெரியாது. கன்னியாகுமரியில் பழையாறு என்ற ஆறே ஓடுகிறது. ஊர்ப்பெயருக்குப் பதில் கோயில் பெயரைப் போட்டுத் தேடுவது இதற்கெல்லாம் நல்ல மருந்து: ‘மேலக்கடம்பூர் அமிர்தகடேசுவரர்’, ‘கீழப்பழையாறை சோமநாதர்’, ‘கோடியக்காடு குழகர்’. ஆங்கில எழுத்தில் தேடினால் ழகரத்துக்கு ஒவ்வொருவர் ஒவ்வொரு விதமாக எழுதியிருப்பார்கள். தமிழ் எழுத்தில் தேடி, கிடைக்காவிட்டால்தான் அந்தப் பக்கம் போங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. 2022-லும் 2023-லும் திரைப்படம் வந்த பிறகு, நாவலின் பாத்திரங்கள் பெயரில் பலர் கூகுள் மேப்ஸில் தாங்களாகவே இடங்களைச் சேர்த்துவிட்டார்கள். படத்தின் பல காட்சிகள் தாய்லாந்திலும் மத்தியப் பிரதேசத்து ஓர்ச்சாவிலும் எடுக்கப்பட்டவை. படப்பிடிப்பு இடம் வேறு, கதை நடந்த இடம் வேறு. இரண்டும் வேண்டுமானால் வரைபடத்தில் வேறு வேறு அடுக்கில் (லேயர்) வையுங்கள். பயனர் சேர்த்த ஊசி எதையும் நாவலின் ஒரு வரியோ கல்வெட்டோ ஆதரிக்காமல் பச்சையில் சேர்க்காதீர்கள்.

பழையாறையில் நிறைய நேரம் செலவிடுங்கள். செயற்கைக்கோள் படத்தில் பார்த்தால் ஒன்றும் இருக்காது: வயல், தென்னை, சிறு கோயில்கள், நான்கைந்து சிற்றூர்கள். சோழர்களின் மாளிகைகள் நிறைந்த நகரம் இதுவா என்று தோன்றும். படத்தை விட்டுவிட்டு ஊர்ப்பெயர்களைப் படியுங்கள். கும்பகோணத்துக்குத் தென்மேற்கே பட்டீசுவரத்தை நடுவாக வைத்துக்கொண்டு, பெயர்கள் தெரியும் அளவுக்கு நெருக்கிப் பார்த்தால் சோழன்மாளிகை என்றே ஓர் ஊர் வரும். சுற்றிலும் ஆரியப்படையூர், பம்பப்படையூர், புதுப்படையூர், மணப்படையூர். இவை நான்கும் நாவலில் வரும் படைவீடுகள். நான்கையும் கோட்டால் இணைத்து, நடுவில் கீழப்பழையாறை சோமநாதர் கோயில், பழையாறை வடதளி, பட்டீசுவரம், நந்திபுர விண்ணகரமான நாதன்கோயில் ஆகியவற்றைக் குறியுங்கள். தனித்தனிச் சிற்றூர்களாகத் தெரிந்தவை ஒரே நகரத்தின் உறுப்புகள் என்று புலப்படும். அந்தப் பரப்பின் வழியாக முடிகொண்டானும் திருமலைராசன் ஆறும் போகின்றன, அரிசிலாறு வடக்கே. குந்தவையும் வானதியும் ஓடத்தில் போகும் காட்சிகளை இந்த ஆறுகளை வைத்துக்கொண்டு மறுபடி படித்தால் எங்கே ஏறி எங்கே இறங்குகிறார்கள் என்பது தெளியும். கூகுளில் ஆறுகளின் பெயர் பாதி இடத்தில் இருக்காது. ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் வாய்க்கால் பெயர்கூடச் சில இடங்களில் கிடைக்கும். இரண்டையும் பக்கம் பக்கமாகத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஊர்ப்பெயர்களுக்கு மிகச் சிறந்த துணை இந்திய நில அளவைத் துறையின் தாள்கள். 1:50,000 அளவில் 2 செ.மீ. ஒரு கி.மீ.; ஒரு தாள் கால் டிகிரிக்குக் கால் டிகிரி, அதாவது ஏறக்குறைய 27 கி.மீ. சதுரம். பழைய எண்முறையில் வீராணம் 58 எம்/11, கும்பகோணமும் பழையாறையும் 58 என்/5, தஞ்சாவூர் 58 என்/1, கோடிக்கரை 58 என்/15. எண்ணை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. முறையைத் தெரிந்துகொண்டால் போதும். 58 என்பது அட்சரேகை 8 முதல் 12, தீர்க்கரேகை 76 முதல் 80 வரையிலான சதுரம். அதை ஒரு டிகிரிக் கட்டங்களாகப் பிரித்து, மேற்கு ஓரத்திலிருந்து வடக்கு தெற்காக ஆங்கில அகரவரிசையில் பெயரிட்டிருக்கிறார்கள். எம், என் இரண்டும் கடைசி வரிசையில் மேலே இருப்பவை. ஒவ்வொரு கட்டமும் அதே ஒழுங்கில் 1 முதல் 16 வரை. துறை இன்று வெளியிடும் பொதுப்பயன்பாட்டுத் தாள்களில் எண்முறை வேறு, ஆகவே எண் ஒத்துவரவில்லை என்றால் ரேகைகளை வைத்துத் தேடுங்கள்.

பழைய தாளை இன்றைய படத்தின் மேல் போர்த்திப் பார்க்க விரும்பினால் இரண்டு வழி. எளிய வழி கூகுள் எர்த் ப்ரோ: படத்தைச் சேர்த்து, மூலைகளை இழுத்துப் பொருத்தி, ஒளிபுகும் தன்மையைக் கூட்டிக் குறைத்துப் பார்க்கலாம். இரண்டு மூன்று ஊர்களை ஒப்பிட இது போதும். தாள் முழுவதும் துல்லியமாகப் பொருந்த வேண்டும் என்றால் க்யூஜிஐஎஸ் மென்பொருளின் ஜியோரெஃபரன்சர். படத்தை வளைக்காமல் பொருத்தும் முதல்படிப் பொருத்தத்துக்குக் குறைந்தது 3 கட்டுப்பாட்டுப் புள்ளிகள், அதாவது தாளிலும் இன்றைய படத்திலும் அடையாளம் காணக்கூடிய இடங்கள், வேண்டும். 6 வைத்தால் எது பிழையான புள்ளி என்று மென்பொருளே காட்டிக்கொடுக்கும். படத்தை வளைத்துப் பொருத்தும் இரண்டாம்படிக்கு 6, மூன்றாம்படிக்கு 10. கையில் வரைந்த மிகப் பழைய படமாக இருந்தாலன்றி மூன்றாம்படிக்குப் போகாதீர்கள். புள்ளிகளுக்கு அருகில் ஒட்டிக்கொண்டு, ஓரங்களில் படம் முறுக்கிக்கொள்ளும்.

புள்ளிகளை எங்கே வைப்பது என்பதில்தான் வேலை கெட்டுப்போகும். ஆற்றங்கரை, கடற்கரை, சாலைச் சந்திப்பு மூன்றையும் தவிருங்கள். காவிரிப் படுகையில் ஆற்றங்கரை நகரும். கடற்கரை ஏறும், இறங்கும். சாலைச் சந்திப்பை அகலப்படுத்தும்போது இடம் மாற்றிவிடுவார்கள். கோயில் கோபுரமும் கல் கட்டிய குளத்தின் மூலையும் நகராதவை. தாளின் நான்கு பக்கமும் பரவலாக வைக்க வேண்டும். நடுவில் மட்டும் ஆறு புள்ளி வைத்தால் ஓரம் அரைக் கிலோமீட்டர் தள்ளிப்போகும். எல்லாம் சரியாகச் செய்தும் தாளிலுள்ள ரேகை எண்களை அப்படியே எடுத்தால் நூறு இருநூறு மீட்டர் விலகல் இருக்கும். பழைய தாள்கள் எவரெஸ்ட் நீள்கோளம் என்ற பூமி வடிவக் கணக்கை அடிப்படையாகக் கொண்டவை, செல்பேசியும் கூகுளும் டபிள்யூஜிஎஸ் 84 என்ற வேறு கணக்கைப் பயன்படுத்துபவை என்பதே காரணம். மென்பொருளில் தாளின் ஆயத்தொலை முறையை எவரெஸ்ட் என்று குறிப்பிட்டுவிட்டால் சரியாகிவிடும்.

இனி ஊசிகளை வரைபடத்தில் ஏற்றுவது. கூகுள் மை மேப்ஸ் போதுமானது: ஒரு படத்தில் 10 அடுக்குகள், அடுக்குக்கு 2,000 குறிகள் வரை. கணினி உலாவியில் செய்யுங்கள். பாகத்துக்கு ஓர் அடுக்கு, வழித்தடங்களுக்குத் தனி அடுக்குகள் என்று பிரித்தால் பின்னால் திருத்துவது சுலபம். கூகுள் மேப்ஸில் ஓரிடத்தின் மேல் வலது பொத்தானை அழுத்தினால் முதல் வரியில் இரண்டு எண்கள் வரும். அட்சரேகை முதலில், தீர்க்கரேகை அடுத்து. நான்கு தசம இலக்கம் போதும், அது 11 மீட்டர் துல்லியம்.

இங்கே வழக்கமாக வரும் பிழைகள் மூன்று. எண்களை இடம் மாற்றிப் போட்டால் வீராணம் ஏரி வடதுருவத்துக்குப் பக்கத்தில் ஸ்வால்பார்ட் தீவுகளில் போய் நிற்கும். 79 டிகிரி வடக்கு அங்கேதான் இருக்கிறது. இது உடனே தெரிந்துவிடும் பிழை. இரண்டாவது தெரியாத பிழை: பழைய நூலில் 11 டிகிரி 20 நிமிடம் என்று இருப்பதை 11.20 என்று எழுதுவது. சரியானது 11.3333. ஊசி 15 கி.மீ. தெற்கே போய்விடும், ஆனால் அங்கும் ஏதோ ஓர் ஊர் இருப்பதால் சந்தேகம் வராது. நிமிடத்தை எப்போதும் 60-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது எழுத்துரு: அட்டவணையை எக்ஸெல்லில் சிஎஸ்வி ஆகச் சேமித்தால் தமிழ் முழுதும் கேள்விக்குறிகளாகிவிடக்கூடும். ‘சிஎஸ்வி யுடிஎஃப்-8’ என்ற வகையில் சேமிக்க வேண்டும். கூகுள் ஷீட்ஸிலிருந்து நேராக ஏற்றினால் இந்தத் தொல்லையே இல்லை.

வழித்தடம் வரைய ‘வழி காட்டு’ வசதியைப் பயன்படுத்தாதீர்கள். அது இன்றைய நெடுஞ்சாலைக்கு இழுத்துப் போகும். காட்டுமன்னார்கோயிலிலிருந்து கும்பகோணத்துக்கு வழி கேட்டால் அணைக்கரை வழியாகக் காட்டும். அந்த அணை ஆர்தர் காட்டன் காலத்தில், 1836-இல் கட்டியது. வந்தியத்தேவன் கொள்ளிடத்தைப் படகில் கடந்தவன். ஆகவே கோடு வரையும் கருவியால் கையால் வரையுங்கள். ஆசிரியர் சொன்ன பகுதி முழுக்கோடு, நீங்கள் ஊகித்த பகுதி வேறு நிறம். கடம்பூரிலிருந்து குடந்தைக்கு நேர்கோட்டில் 35 கி.மீ. அளவு, நடுவில் ஆறு கடக்கும் நேரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால் நாவல் சொல்லும் பொழுது பொருந்துகிறதா என்று சோதிக்கலாம். இந்தச் சோதனையை ஒவ்வொரு பயணத்துக்கும் செய்து பாருங்கள்.

இடம் சரியாக இருந்தும் காலம் தவறிப்போகும் இடங்கள் சில உண்டு. தஞ்சாவூரில் ஊசி குத்தியதும் பெரிய கோயில்தான் கண்ணில் படும். நாவல் நடக்கும்போது அது இல்லை, 1010-இல் முடிந்தது. படத்தில் தெரியும் கோட்டையும் அகழியும் நாயக்கர் காலத்தவை. பழுவேட்டரையர் காவல் காத்த கோட்டையை அந்த மதில்மேல் வரையக் கூடாது. தஞ்சைக் கோட்டைக்கு மஞ்சள் வட்டமே சரி. பழுவேட்டரையர்களின் சொந்த ஊர் உறுதியானது: அரியலூர் மாவட்டத்துக் கீழப்பழுவூர், மேலப்பழுவூர்க் கோயில்களில் அவர்கள் கல்வெட்டுகளே உள்ளன. கொடும்பாளூரும் அப்படியே, மூவர் கோயில் சான்று.

நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரம் இன்னும் சிக்கல். ஸ்ரீவிஜய மன்னன் எழுப்பிய விகாரத்துக்கு ஆனைமங்கலம் ஊரை இராசராசன் கொடுத்ததை லெய்டன் செப்பேடுகள் சொல்கின்றன. அது நாவல் காலத்துக்கு முப்பது நாற்பது ஆண்டு பிந்தியது. அங்கிருந்த பௌத்தக் கட்டடங்களில் கடைசியாக நின்ற செங்கல் கோபுரத்தை 1867-இல் இடித்துவிட்டார்கள். அதை நினைக்கும்போதெல்லாம் வருத்தமாகத்தான் இருக்கிறது. 1856 முதல் வெளிப்பாளையம் பகுதியில் புத்தர் செப்புத் திருமேனிகள் கிடைத்தன. ஆகவே நகரின் வடபுறம் அந்தப் பகுதியைச் சுற்றி மஞ்சள் வட்டம் இடலாம்.

கோடிக்கரையில் கடற்கரை தெற்கு நோக்கி வந்து சட்டென்று மேற்கே திரும்பும் முனையைப் பாருங்கள். அங்கே ஏன் கலங்கரை விளக்கம் வைத்தார்கள் என்பது கேட்காமலே விளங்கும். சோழர் கால விளக்கம் என்று சொல்லப்பட்ட செங்கல் கட்டடம் 2004 ஆழிப்பேரலையில் அழிந்தது. அடித்தள மிச்சம்தான் உண்டு. வரைபடத்தில் ‘கலங்கரை விளக்கம்’ என்று வருபவை பிற்காலத்தவை. கூகுள் எர்த் ப்ரோவில் பழைய படங்களுக்கான கடிகாரக் குறியை அழுத்தி 2004-க்கு முன்னும் பின்னும் கடலோரத்தை ஒப்பிடலாம். குழகர் கோயில் முனையில் இல்லை, உள்ளே கோடியக்காட்டில் இருக்கிறது. பூங்குழலி வந்தியத்தேவனை அலைக்கழிக்கும் புதைசேற்றுக்கு ஊசி குத்த இயலாது. ஆனால் காட்டையும் அதன் மேற்கே விரியும் வேதாரணியச் சதுப்பையும் பொய்நிறப் படத்தில் பார்த்தால் அப்படி ஒரு காட்சியை ஆசிரியர் எங்கிருந்து எடுத்தார் என்று புரியும்.

அங்கிருந்து காங்கேசன்துறைக் கடற்கரைக்கு 55 கி.மீ. அளவுதான். இலங்கைப் பகுதிக்கு மாதோட்டத்தில் தொடங்குங்கள். திருக்கேதீச்சரம் பச்சை ஊசி. அங்கிருந்து அனுராதபுரம் நேர்கோட்டில் 80 கி.மீ. அளவு. மன்னார்ப் பக்கம் அருவியாறு என்று பெயர் பெறும் மல்வத்து ஓயா அனுராதபுரத்திலிருந்தே வருகிறது. ஆற்றைப் பின்பற்றினால் பழைய வழியின் போக்குக் கிடைக்கும். நாகத்தீவு என்ற பெயரை இன்றைய நயினாதீவின் மேல் மட்டும் குத்தாதீர்கள். யாழ்ப்பாணத்து வல்லிபுரத்தில் கிடைத்த பொன்னேடு சொல்லும் நாகதீவம் வடபுலம் முழுவதற்குமான பெயராகவே கொள்ளப்படுகிறது. ஆனையிறவு, தொண்டைமானாறு இரண்டும் பெயர் மாறாமல் இருக்கின்றன.

நேரில் போவதாக இருந்தால் சேத்தியாத்தோப்பில் தொடங்கி, ஏரிக்கரை, உடையார்குடி, மேலக்கடம்பூர், அணைக்கரை, கும்பகோணம் என்று ஒரே நாளில் முடிக்கலாம். பழையாறைக்கு மறுநாள் காலை. சிற்றூர்க் கோயில்கள் நண்பகலிலிருந்து நான்கு மணி வரை அடைத்திருக்கும், சில கோயில்களில் குருக்களைத் தேடிப்போய்த் திறக்கச் சொல்ல வேண்டியிருக்கும். கல்வெட்டுப் பார்ப்பதற்குக் காலை வெயில் சாய்வாக விழும் நேரமே நல்லது. உச்சி வெயிலில் எழுத்து தெரியாது. கோடிக்கரைக்கு வேதாரணியத்தில் தங்குவது வசதி. சரணாலயக் காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் போகக் கூடாது. கைபேசியில் கூகுள் மேப்ஸின் ஆஃப்லைன் வரைபடத்தை இறக்கினாலும் உங்கள் மை மேப்ஸ் ஊசிகள் அதில் வராது. அவற்றை மை மேப்ஸிலிருந்து கேஎம்எல் என்ற வரைபடக் கோப்பாக எடுத்து, ஆஃப்லைனில் இயங்கும் ஆர்கானிக் மேப்ஸ் போன்ற செயலியில் முன்கூட்டியே ஏற்றிவிடுங்கள்.